கப்பலில் ஓய்வு நேரப் பதிவு: அனுபவமுள்ளோரின் வழிகாட்டுதல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். உல்லாசக் கப்பல் ஒன்றின் உணவுக்கூடத்தில் எட்டு மாத ஒப்பந்தத்தில் பணிபுரிகிறேன். இது ஐந்தாவது மாதம். மூன்று வேளையும் பரிமாறி, மறுநாளுக்கான மேசைகளை ஒழுங்கு செய்துவிட்டுக் கேபினுக்குத் திரும்பும்போது நள்ளிரவு கடந்துவிடுகிறது. காலை ஐந்தரை மணிக்கு மீண்டும் எழ வேண்டும்.

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் ஓய்வு வரம்பின்படி, எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாள்களில் 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும். அந்த 10 மணி நேரத்தை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதும், ஒரு பகுதியாவது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும் என்பதும் விதி. எனக்கோ தொடர்ந்து ஐந்து மணி நேரம் உறங்குவதே அரிதாக இருக்கிறது. ஆயினும், மாத இறுதியில் கையொப்பத்துக்கு வரும் தாளில் எல்லாம் விதிப்படி நடந்ததாகவே எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் நான்கு முறை கையொப்பமிட்டுவிட்டேன்.

ஆபத்து நேர்ந்தால் பயணிகளை உயிர்காப்புப் படகுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் எனக்கு உண்டு என்பதால், இந்தச் சோர்வு என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

கப்பலுக்குள்ளேயே முறைப்படி புகார் அளித்தவர்கள் இங்கு இருந்தால், மேற்பார்வையாளரைத் தவிர்த்து நேரடியாகக் கேப்டனிடம் சென்றீர்களா, அதன்பின் எவ்வாறு நடத்தப்பட்டீர்கள் என்று தயவுசெய்து கூறுங்கள். துறைமுக ஆய்வாளரை அணுகியவர்களின் அனுபவமும் தேவை. நான் நாள்தோறும் குறித்துவரும் நேரக் குறிப்பேடு, ஏற்கெனவே கையொப்பமிட்ட தாள்களுக்கு எதிராகச் சான்றாக ஏற்கப்படுமா?