கண்டென்சரை மாத்துனா டோன் செத்துருமா?

பாளைகிட்டார்: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு: அறுபதுகள்ல வந்த வால்வ் (கண்ணாடிக் குழாய்) வச்ச கிட்டார் ஆம்ப்ளிஃபையர்ல, கரண்டைச் சீராக்குற பவர் சப்ளை கண்டென்சரை மாத்தவே கூடாதாம், மாத்துனா டோன், அதான் சத்தத்தோட தன்மை, செத்துருமாம். அதைப் படிச்சதுலேர்ந்து மண்டை காயுது. என் கையில அமெரிக்காவுலேர்ந்து வந்த பழைய ஃபெண்டர் கம்பெனி ஆம்ப் ஒண்ணு இருக்கு. கண்டென்சர் வாய் கசிஞ்சு உப்புப் பூத்துக் கெடக்கு. இதுக்குள்ளயா டோன் இருக்கு?

கொடைமைக்செட்: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேக்கலாம்லா, என்ன பயம்? கோயில் கொடைக்கு வால்வ் செட் கட்டுன ஆளு நான். வேரியாக்னு வோல்ட்டைக் கூட்டிக் கொறைக்குற டிரான்ஸ்ஃபார்மர் வச்சு மெதுவா ஏத்தினா கண்டென்சர் தானா உசுரு பிடிக்கும். மாத்துன ஆம்பையும் மாத்தாத ஆம்பையும் காதால கேட்டிருக்கீராவே?

வண்ணார்பேட்டைசர்க்யூட்: அண்ணாச்சி, மெதுவா ஏத்துனா அலுமினியத் தகட்டு மேல ஆக்சைடு படலம் திரும்பப் பிடிக்கும், சரி. உள்ள காஞ்சுபோன திரவம் எங்கேர்ந்து வரும், தாமிரபரணியிலேர்ந்தா? நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியா மாத்துற ரெக்டிஃபையரைத் தாண்டி 100 ஹெர்ட்ஸ்ல உறுமுனா முதல் சந்தேகம் அந்தக் கண்டென்சர் மேலதான்.

கொடைமைக்செட்: உறுமலும் சேந்ததுதான் வால்வ் சத்தம். கேட்டிருக்கீரா இல்லையா, அதைச் சொல்லும்.

பாளைகிட்டார்: உறுமலுக்கு ஆம்ப் எதுக்கு அண்ணாச்சி? மாவு மில்லு வாசல்ல போய் நிக்கலாமே.

தென்காசிசாரல்: எல்லாரும் அந்தப் பெரிய கண்டென்சரையே பிடிச்சுத் தொங்குதீங்க. சத்தத்தை மட்டும் அடுத்த வால்வுக்கு விட்டு டிசியைத் தடுக்குற கப்ளிங் கண்டென்சர் லீக் ஆனா, டிசி நேரா பவர் வால்வோட கிரிட்ல, அதான் கரண்டைக் கட்டுப்படுத்துற கம்பி வலையில, ஏறும். வால்வுக்குள்ள இருக்க பிளேட் தகடு சூடாகிச் செவந்து வால்வ் போயிரும், சமயத்துல டிரான்ஸ்ஃபார்மரும் கூடப் போகும். கிரிட்ல மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?

கொடைமைக்செட்: திருநெல்வேலிக்காரன் பேசுத இடத்துல தென்காசிக்கு என்ன சோலி? 2019லயே தனி மாவட்டம் வாங்கிட்டுப் போயாச்சுல்லா?

தென்காசிசாரல்: பிரிச்சது அரசாங்கம். நீங்க கேட்ட இசிசி83க்கு 12ஏஎக்ஸ்7 அனுப்புனேன். ரெண்டும் ஒரே வால்வ்தான். தப்பான சாமான்னு குதிச்சீங்க, ஆனா திருப்பி அனுப்பல. காசும் வரல.

வண்ணார்பேட்டைசர்க்யூட்: உங்க கணக்கை அப்புறம் பாருங்க. பாளைத் தம்பி, பிளக்கை உருவுன பிறகும் கண்டென்சர்ல 400 வோல்ட் நிக்கலாம். ரெசிஸ்டர் வச்சு எறக்கு, மீட்டர்ல பாரு, அப்புறம் கை வை. ஏற்றுமதி மாடல் இல்லேன்னா அது 120 வோல்ட் செட்டு. வோல்ட்டைக் கொறைக்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நம்ம 230ல சொருகிராத. ரெண்டு முள் பிளக்கா இருந்தா மூணு முள்ளா மாத்தி சேசிஸை, அதான் உள்ள இருக்க உலோகச் சட்டத்தை, எர்த் பண்ணு. லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கண்டென்சர் கெடக்கும், அதைக் கழத்திரு.

கொடைமைக்செட்: இப்ப அதுவும் கழத்தணுமா! விட்டா பெட்டியையும் மாத்தச் சொல்லுவீரு.

பாளைகிட்டார்: அது ஷார்ட் ஆனா கிட்டார் கம்பியில கை வச்சவன் போயிருவான் அண்ணாச்சி. டோன் யாருக்கு?

கொடைமைக்செட்: ஆக, ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்காமலே தீர்ப்பு.

தென்காசிசாரல்: வால்வ் காசு?

கொடைமைக்செட்: வேற மாவட்டத்துக்காரன்கிட்ட எனக்குக் கணக்கு இல்ல. ஏ பாளை, அந்தப் பழைய கண்டென்சரைத் தூரப் போட்டுராத, எங்கிட்ட குடு. போட்டு ஓட்டிக் காட்டுதேன்.

பாளைகிட்டார்: தாராளமா வந்து எடுத்துக்கிடுங்க. வரும்போது கரண்டு எகிறாம இருக்க செட்டோட தொடரா மாட்டுற பல்பு, அந்த என் சீரியஸ் லேம்ப்பையும் கொண்டாங்க. போன வருசம் வாங்கிட்டுப் போனது.