தோழியுடன் ஐரோப்பா பஸ் டூர்: கொலோனில் போன நாற்பது நிமிடம்

தோழியோடு வெளிநாட்டு டூர் போகலாமா, போய்விட்டு வந்த பிறகும் நட்பு அப்படியே இருக்குமா என்று யோசிப்பவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

2019 செப்டம்பரில் நானும் என் கல்லூரித் தோழியும் ஐரோப்பா பஸ் டூர் போனோம். பாரிஸில் ஆரம்பித்து பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாக ரோமில் முடிந்தது. முப்பத்தெட்டு பேர், ஒரு டூர் மேனேஜர். எங்களுக்குள் முப்பது வருடப் பழக்கம். ஆனாலும் இரண்டு நாளுக்கு மேல் ஒரே அறையில் சேர்ந்து தங்கியதே இல்லை. அதை யோசிக்காமலே பணம் கட்டிவிட்டோம்.

முதல் பிரச்சினை அறைதான். ‘ட்வின் ஷேரிங்’ என்று சொன்னாலும் பல ஹோட்டல்களில் இரண்டு ஒற்றைக் கட்டிலையும் ஒட்டிப் போட்டிருப்பார்கள். இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கட்டிலைத் தள்ளிவிடலாம், தூக்கத்தை என்ன செய்வது? அவள் நாலரை மணிக்கு எழுந்து பெட்டியைப் பிரித்து அடுக்குவாள். எனக்கு ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் கண் மூடாது. பெட்டியைக் காலை ஆறரைக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும் என்பதால் அவள் அவசரமும் நியாயம்தான். நாலாம் நாள் ஆம்ஸ்டர்டாமில் அலாரம் விஷயமாக இரண்டு பேருக்கும் சுருக்கென்று பேச்சு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஜெர்மனியின் கொலோன் நகரம்.

கொலோன் பேராலயத்தை நேரில் பார்த்தால்தான் அதன் உயரம் புரியும். 1248-ல் தொடங்கிய கட்டுமானம் 1880-ல்தான் முடிந்தது. முடிந்தபோது உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான், 157 மீட்டர். நாலு வருடம் அந்தப் பெருமை அதனிடமே இருந்தது. கோபுர உச்சியில் இருக்கும் கல்மலரின் நகல் ஒன்றை, அதே அளவில், வெளியே தரையில் வைத்திருக்கிறார்கள். கீழிருந்து பார்க்கும்போது கைக்குள் அடங்கும் பூ மாதிரி தெரிவது, பக்கத்தில் போய் நின்றால் ஒன்பதரை மீட்டர் உயரம். டூர் மேனேஜர் அதைக் காட்டி, “ஒன்றே முக்காலுக்கு எல்லாரும் இந்தக் கல் பூகிட்ட இருக்கணும். பஸ் இங்கே சில நிமிஷம்தான் நிற்க முடியும்” என்று இரண்டு தடவை சொன்னார்.

உள்ளே பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வரும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. தெற்குக் கோபுரத்துக்குப் படி ஏறலாம் என்று பலகை இருந்தது. 533 படிகள், லிஃப்ட் கிடையாது.

“இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறாம போறதாடி? நீ முட்டியை வெச்சுக்கிட்டு ஏற வேண்டாம், இங்கேயே இரு. நான் ஓடிப் போய்ட்டு வந்துடறேன்” என்றாள் தோழி.

டிக்கெட் வரிசையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் பத்தாது என்று தெளிவாகவே தோன்றியது. சொல்லவில்லை. காலையில்தான் ஒரு மனஸ்தாபம், மறுபடியும் ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த அனுபவத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

ஒன்றே முக்காலுக்குக் கல் பூவுக்குப் பக்கத்தில் முப்பத்தேழு பேர் இருந்தோம். அவள் இல்லை. ஹோட்டல் வைஃபை போதும் என்று அவள் ரோமிங் போடவில்லை, அதனால் கூப்பிட வழியில்லை. பஸ் வந்தது, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சுற்றிவரப் போய்விட்டது. நானும் டூர் மேனேஜரும் மட்டும் கோபுர வாசலில் நின்றோம். அந்தப் பையன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டு இருபதைத் தாண்டித்தான் வந்தாள். முகம் சிவந்து, கால் நடுங்கிக்கொண்டிருந்தது. குறுகலான சுருள் படியில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டமே மேலே வந்துகொண்டிருந்ததாம். இறங்குகிறவர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட வேண்டியதாகிவிட்டது.

நாற்பது நிமிடம்தானே, ஓட்டுநர் கொஞ்சம் வேகமாகப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அது அப்படி இல்லை என்பது அன்று சாயங்காலம்தான் புரிந்தது. ஐரோப்பாவில் பஸ் ஓட்டுநருக்கு நேரக் கட்டுப்பாடு சட்டத்திலேயே இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. தினமும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு வேண்டும். அதை ஒன்பதாகக் குறைத்துக்கொள்ளும் சலுகை, ஒரு வார ஓய்வுக்கும் அடுத்த வார ஓய்வுக்கும் நடுவில் மூன்று தடவை மட்டும். எங்கள் ஓட்டுநர் அந்த மூன்றையும் முன்பே பயன்படுத்திவிட்டார். காலை ஏழுக்கு வேலையைத் தொடங்கியதால், 24 மணி நேரத்தில் அந்த 11 போக, இரவு எட்டுக்குள் முடித்தே ஆக வேண்டும்.

ஃப்ராங்க்ஃபர்ட் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. ஒன்றரை மணி நேரம் பஸ் ஊர்ந்தது. ஏழு மணிக்கு டூர் மேனேஜர் மைக்கை எடுத்து, அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்த ஹைடல்பெர்க்கில் இறங்க முடியாது, நேராக ஹோட்டல்தான் என்றார். எங்களால் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பின் இருக்கையில் ஒருவர், “ரெண்டு மணிக்கு முன்னாடி கிளம்பியிருந்தா அந்த ஆக்ஸிடென்ட்டுக்கு முன்னாலேயே தாண்டியிருப்போம்” என்றார். இருக்கலாம்.

எங்களுக்கு முன் வரிசையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட தம்பதி. அந்த அம்மா ஹைடல்பெர்க் கோட்டையின் படத்தை ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி, மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். செம்மணற்கல் கோட்டை, கீழே நெக்கர் ஆறு, பழைய பாலம். முதல் நாளே எங்களுக்குக் காட்டியிருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் படம் வெளுத்துப்போயிருந்தது. அறிவிப்பு வந்ததும் அந்தக் காகிதத்தை வெளியே எடுத்தார், பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

தோழி எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கினாள். “என்னாலதான் இன்னைக்கு எல்லாருக்கும் ஒரு ஊர் போச்சு. மன்னிச்சுக்கோங்க” என்றாள். குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மாவின் கணவர் திரும்பி, “பரவாயில்லம்மா, உட்காருங்க” என்றார். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் ரோமில் விடைபெறும் வரை எங்கள் இருவரிடமும் அவர் பேசவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. இன்னொரு தடவை அங்கே வர அவருக்கு வாய்க்குமா?

மறுநாள் காலை ஓட்டுநரிடம் மன்னிப்பு கேட்கப் போனேன். அவர் தன் இருக்கைக்கு மேலே இருந்த டேகோகிராஃப் கருவியில் ஒரு பட்டனை அழுத்தினார். கடை ரசீது மாதிரி நீளமான காகிதச் சுருள் வந்தது. எப்போது ஓட்டினார், எப்போது நின்றார் என்று நிமிடக் கணக்காக அதில் பதிவாகியிருந்தது. முந்தின நாள் முடிந்த நேரத்தில் விரலை வைத்துக் காட்டினார்: எட்டுக்கு எட்டு நிமிடம் முன்னால். எட்டைத் தாண்டியிருந்தால், போலீஸ் சோதனையில் அவருக்கு அபராதம். பயணிகள் தாமதம் என்று சொன்னால் எடுபடாதாம்.

அன்றைக்கு ராத்திரி நானும் அவளும் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினோம். நேரம் பத்தாது என்று எனக்குத் தெரிந்திருந்ததையும், சொல்லாமல் விட்டதையும் அவளிடம் சொன்னேன். “அப்பவே சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேனே” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் சில மாற்றங்கள் செய்தோம். அவள் ராத்திரியே பெட்டியை அடுக்கிவிடுவாள், காலையில் எழுந்ததும் கீழே வரவேற்பறைக்குப் போய்விடுவாள். அவளும் ரோமிங் போட்டுக்கொண்டாள். கழிப்பறைச் சில்லறை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே பர்ஸ், இரண்டு பேரும் சமமாகப் போட்டோம். ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த நாள் பஸ்ஸில் தனித்தனி இருக்கை. முதலில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது, மற்றவர்கள் சண்டை என்று நினைத்தார்கள். இரண்டே நாளில் அது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது. நேரம் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும், மற்றவர் கோபப்படக் கூடாது என்றும் பேசிக்கொண்டோம்.

சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்க்க விட்டார்கள். அவள் மரப்பாலத்துக்குப் போனாள், நான் சிங்கச் சிலைக்குப் போனேன். பாறையிலேயே குடைந்து செதுக்கிய சிங்கம், உடம்பில் ஈட்டி முறிந்து நிற்கிறது. 1792-ல் பாரிஸில் அரசரின் மாளிகையைக் காத்து உயிர்விட்ட சுவிஸ் காவல் வீரர்களின் நினைவுக்காகச் செய்தது. முன்னால் ஒரு சின்னக் குளம். அந்த முகத்தில் இருந்த வேதனையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் கூட வந்திருந்தால் பத்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பியிருப்போம்.

சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாடியே ஏரிக்கரையில் நின்றிருந்தாள். அன்று ராத்திரி அறையில் விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். 1993-ல் தீப்பிடித்து அந்தப் பாலத்தின் பழைய ஓவியங்களில் பெரும்பகுதி எரிந்துபோனதையும், கருகின பலகைகளைக்கூட எடுத்துவிடாமல் வைத்திருப்பதையும் அவள் சொன்னாள். நான் சிங்கத்தின் முகத்தைப் பற்றிச் சொன்னேன். மணி பன்னிரண்டானது. நாலரைக்கு எழுந்திருக்கிறவள், “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.