புதுப்பிப்பு: வெங்காயத் தோல் சாயம் துவைச்சா நிக்குதா?

வெங்காயத் தோலில் பருத்தித் துப்பட்டாவுக்குச் சாயம் ஏத்தினதை முன்னாடி போட்டிருந்தேன். "துவைச்சா போயிடாதா?"ன்னுதான் நிறையப் பேர் கேட்டீங்க. போகலை, லேசா வெளுத்திருக்கு. நிழலில் காய வைங்க, இந்த மஞ்சளுக்கு வெயில் ஆகாது.

நிக்கிறதுக்குக் காரணம் முன்வேலை. கடுக்காய்த் தண்ணியில் நனைச்சுக் காயவெச்சு, அப்புறம் படிகாரத்தில் ஊறவெச்சேன். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடிக்கும், படிகாரம் சாயத்தைப் பிடிக்கும். 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம், துணி எடைக்குச் சமமா தோல். பட்டுன்னா கடுக்காய் வேண்டாம்.

இப்போ இலை அச்சும் போட்டுப் பார்த்தேன். வெட்டிப்போட்ட கிளையிலிருந்து எடுத்த தேக்கு இளந்தளிரைத் துணியில் பரப்பி, குழாயில் இறுக்கமா சுருட்டி நூல் கட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வெச்சேன். பிரிச்சா நரம்பு நரம்பா கருஞ்சிவப்பு! புழு அரிச்ச ஓட்டைகூட அப்படியே விழுந்திருக்கு. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது.

பச்சை நிறம் கேட்டவங்களுக்கு: துருப்பிடிச்ச ஆணியை வெல்லத் தண்ணியில் சில வாரம் ஊறவிடுங்க. காளஹஸ்தி கலம்காரியில் (துணியில் கையால் வரையுற ஓவியம்) கறுப்புக்கு இதே முறைதான். சாயம் ஏத்தின துணியை அந்த ஆணித் தண்ணியில் ஒரு முக்கு முக்கினா மஞ்சள் கரும்பச்சையாகும். கூட நேரம் விட்டா கடுக்காயோட சேர்ந்து கறுத்துடும். சமைக்கிற பாத்திரத்தை இதுக்கு எடுக்காதீங்க.