கண்ணைச் சிமிட்டியே சேதி சொன்ன கடற்படை அதிகாரி, திரும்பி வந்தப்புறம் என்ன ஆனார்?

முத்தியால்பேட்டை சேகர்:
எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். சைகோன்ல இருந்தவர். 1945ல ஜப்பான்காரன் பிடியில சில மாசம் கிடந்திருக்கார். அதைக் கேட்டா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எழுந்து போயிடுவார். போன வருஷம் ஹனோய் போயிருந்தேன். ஹோவா லோ சிறை வாசல்ல 'மேசோன் சாந்த்ரால்'னு பிரெஞ்சுல எழுதியிருக்கு, நம்ம புதுச்சேரி பழைய கட்டடம் மாதிரியே. வியட்நாம் போர்ல பிடிபட்டு அங்க அடைபட்டிருந்த ஜெரிமையா டென்டன்ங்கிற அமெரிக்க அதிகாரி கேமரா முன்னாடி கண்ணாலயே சேதி சொன்னார்னு கூட வந்தவர் சொன்னார். நிஜமா? பிடிபட்டு வந்தவரை வேலையில மதிச்சாங்களா, ஓரங்கட்டிட்டாங்களா?

பழைய தந்திக்காரன், கடலூர் ஓ.டி.:
நிஜம்தான் தம்பி. 1966ல ஜப்பான் டிவிக்காரர் எடுத்த பேட்டி. விளக்கு வெளிச்சம் கூசுறாப்ல நடிச்சுக்கிட்டே 'டார்ச்சர்' (சித்திரவதை)னு இங்கிலீஷ்ல, மோர்ஸ்ங்கிற புள்ளி-கோடு தந்திக் குறியில சிமிட்டியிருக்கார். பேரன் போன்ல காட்டினப்ப பேப்பர்ல குறிச்சுப் பார்த்தேன். டி ஒரு கோடு, ஓ மூணு கோடு, ஆர் புள்ளி கோடு புள்ளி... மொத்தம் 15 சிமிட்டல். கோட்டுக்கு இமையைக் கொஞ்ச நேரம் மூடியே வைக்கணும், புள்ளிக்குச் சட்டுனு திறந்துடணும். எங்களுக்காவது தந்தி அடிக்கக் கையில கீ இருந்துச்சு. வாய் கேள்விக்குப் பதில் சொல்ல, இமை தந்தி அடிக்கணும்னா என்னால முடிஞ்சிருக்காது. அந்த வாயும் அடங்கலை. எங்க சர்க்கார் பக்கம்தான் நானும்னு எதிராளி வீட்டுக்குள்ளயே உக்காந்து சொல்லியிருக்கார்!

உப்பளம் பாபு:
ஓரங்கட்டலை. 1965 ஜூலை 18ல, வட வியட்நாம்ல 'தான் ஹோவா'ங்கிற ஊர் பக்கம் அவரோட ஏ-6 விமானம் விழுந்தப்ப கமாண்டர். 1973 பிப்ரவரி 12ல விடுதலை. ஏழரை வருஷத்துக்கு மேல, அதுல நாலு வருஷம் தனிக்கொட்டடி. பிலிப்பைன்ஸ்ல விமானத்தை விட்டு இறங்கி மைக்ல பேசினவரும் அவர்தான். நேவி கிராஸ்ங்கிற கடற்படை வீரப் பதக்கம் கொடுத்தாங்க. நார்ஃபோக்ல முப்படை அதிகாரிங்க படிக்கிற கல்லூரிக்குத் தலைமை, 1977ல ரியர் அட்மிரலா ஓய்வு. அப்புறம் 1981லேர்ந்து 1987 வரை அலபாமா செனட்டர். அவரோட அரசியல் எனக்கு ஒத்துவராது, அது வேற கதை. 2014ல போய்ச் சேர்ந்தார்.

முத்தியால்பேட்டை சேகர்:
நன்றிங்க. தாத்தா மெடல் ரெண்டு டிரங்குப் பெட்டியில இருக்கு. எதுக்குக் கொடுத்ததுன்னு கேட்க இப்ப ஆள் இல்லை. பெரியவரே, அந்த 15ஐக் கண்ணாடி முன்னாடி செஞ்சு பார்த்தேன். மூணாவது எழுத்துலயே குளறிடுச்சு. "கண்ணுல மணல் விழுந்துச்சாடா"ன்னு அம்மா கேட்டாங்க.

பழைய தந்திக்காரன், கடலூர் ஓ.டி.:
ஆர்லதான் எல்லாரும் குளறுவாங்க. நடுக்கோட்டை நல்லா நீட்டு.