லீசிங் வேலையை விட்டிட்டு உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) வரலாமோ?

கிளிநொச்சிப் பெடியன்:
வணக்கம். ஒரு நிதிக் கொம்பனியில கடன் அறவிடுற பிரிவுக்குப் பொறுப்பா இருக்கிறன். தவணை கட்டாத வீடுகளுக்குப் போனா, ஆக்கள் காசை விட்டிட்டு, காணாமல் போன பிள்ளையைப் பற்றித்தான் கதைக்கினம். மோட்டச்சைக்கிளில இருந்தபடியே கேட்டிட்டு வாறன். தியானம் கொஞ்சம் பழகினனான். அதையும் ஆன்மீகத்தையும் சேர்த்து உளவளத்துணை செய்ய ஆசை. மனிசி "விசரோ?" எண்டு கேக்கிறா. இப்பிடி மாறின ஆக்கள் இருக்கிறியளோ?

முள்ளியவளை அக்கா:
இருக்கிறன் தம்பி. கொழும்பில ஒரு காப்புறுதிக் கொம்பனியில மனிதவளப் பிரிவில இருந்தனான். வேலையை உடன விடாதையும். சனி, ஞாயிறில படிச்சு, டிப்ளோமா முடிச்சு, ஒரு மூத்தவவுக்குக் கீழ கொஞ்சக் காலம் பழகிப்போட்டுத்தான் நான் கடிதம் குடுத்தனான்.

தியானத்தில கவனம். 2009இல கடைசி யுத்தத்துக்குள்ளால மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு வந்தவையைக் கண்ணை மூடி இருக்கச் சொன்னா, சிலருக்கு அமைதி வராது, செல் விழுந்து வெடிக்கிற சத்தம்தான் வரும். கண் திறந்தபடி, கால் நிலத்தில படத்தான் நான் தொடங்கிறது. பிறகு அவரவர் வாயில ஏற்கெனவே இருக்கிற சொல். சைவக்காரருக்கு நமசிவாய, வேதக்காரருக்கு செபமாலை. இது என்ர கண்டுபிடிப்பில்லை. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்த காலத்திலயே யாழ்ப்பாணத்தில இப்பிடிப் பழக்கினவர்.

ஒரு அம்மா (அடையாளம் மாத்தித்தான் எழுதிறன்) கேட்டா: "விளக்குக் கொளுத்தச் சொல்லுறாய். சாமிப் படத்துக்கு முன்னாலயோ, பெடியன்ர படத்துக்கு முன்னாலயோ? அவனுக்கு முன்னால வைச்சா நான் அவனை முடிச்ச மாதிரி." சொந்தக்காரர் திவசம் செய்யச் சொல்லி நெருக்கினம், திதி தெரியாமல் என்ன திவசம்? நான் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த கிழமை வந்து, விளக்கைக் குசினி யன்னலில வைச்சதாச் சொன்னா. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில 2017இல காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளுக்காகப் போராட்டம் தொடங்கின அம்மாக்களிட்டைப் போய் "ஏற்றுக்கொள்ளுங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்.

வவுனியா வாசி:
நான் ஆசுப்பத்திரியில வேலை. நித்திரையே இல்லை, ஆரோ கதைக்கிற மாதிரிக் கேக்குது, சாகவேணும் போல கிடக்கு எண்டு ஒருவர் சொன்னா அது மந்திரத்துக்குரிய விசயமில்லை. மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கோ. 1926 எண்ட மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை எப்பவும் கையில வைச்சிருங்கோ. இன்னொண்டு, அக்கா சொல்லாததையும் சொல்லுறன்: தவணை கேட்டுப் போன வீட்டுக்கே நீங்கள் உளவளத்துணையாளரா போகேலாது. அந்தச் சனம் உங்களைக் கண்டா முதல்ல தவணைக் கொப்பியைத்தான் தேடும்.

கிளிநொச்சிப் பெடியன்:
அது சுட்டிட்டுது அண்ணை, ஆனா உண்மை. அப்ப வேற பிரதேசமாத்தான் பாக்கவேணும். அக்கா, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. சீவியம் ஓடுதோ?

முள்ளியவளை அக்கா:
இஞ்ச வாறவையிட்டைக் கட்டாயமாக் காசு கேக்கிறேல்லை. நெல்லறுப்பு முடிய அரிசி கொண்டருவினம், சில நேரம் முருங்கைக்காய். வாடகை கட்டிறது கனடா, லண்டன் ஆக்களோட வட்ஸ்அப்பில இரவில கதைக்கிற காசில. கொழும்புச் சம்பளத்தில பாதியும் வராது. உம்மட மனிசியோட நான் கதைக்கிறன், இலக்கத்தைத் தனிமடலில போடும்.