அடுப்படி இருட்டைப் படத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

வணக்கம் உறவுகளே. நான் கிளிநொச்சி, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் பக்கம். வேலைக்குப் போகுமுன் போனில் ஒரேயொரு படம் எடுப்பது வழக்கம். ஒன்றுதான் என்றால் எதையும் நின்று பார்க்கத் தோன்றும், மனதுக்கும் சந்தோசம்.

விடியப்புறம் அம்மா சுளகில் அரிசி புடைக்கும்போது, கூரை இடுக்கால் விழும் வெளிச்சத்தில் தவிட்டுத் தூசி மினுங்கும். படத்திலோ அடுப்படி முழுக்கப் பட்டப்பகல், தூசியைக் காணோம்! திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் அம்மாவின் முகம் கறுத்துவிடுகிறது. எல்லாவற்றையும் நாமே கூட்டிக் குறைக்கும் புரோ மோடில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்ற அளவு), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) எவ்வளவு வைக்கலாம்? சுளகு அசையும், அதையும் யோசித்துச் சொல்லுங்கோ.

அப்புறம், போனைக் கண்டதுமே அம்மா சீலையைச் சரிசெய்து நிமிர்ந்துவிடுவார். அதற்கும் வழி உண்டா? புதுக் கமரா வாங்கச் சொல்லாதீர்கள், இப்போதைக்கு நடக்காது.