ஹெட்போன் கை உடைந்துவிட்டது: நீண்ட நாள் உழைக்கிற மாதிரி எதை வாங்கலாம்?

தாமிரபரணி:
எல்லோருக்கும் வணக்கம். பேட்டிகளையும் கள ஆய்வு ஒலிப்பதிவுகளையும் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். தினமும் ஐந்தாறு மணி நேரம் ஹெட்போன் காதில்தான் இருக்கும். போன வாரம் அதைக் கழற்றி மேசையில் வைக்கும்போது, இடது கப்பைத் தாங்குகிற பிளாஸ்டிக் கை மூட்டுக்குப் பக்கத்தில் பிளந்துவிட்டது. கீழே விழவில்லை, யாரும் மிதிக்கவும் இல்லை. ஒலி இரண்டு பக்கமும் நன்றாகவே வருகிறது. மகன் பசை போட்டு ஒட்டிப் பார்த்தான், மாலைக்குள் விட்டுவிட்டது. இதற்கு முன் வைத்திருந்தது வேறு கம்பெனி. அதில் லேப்டாப்பில் செருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் வயர் போய், ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் வலது காதில் கேட்கும்.

எனக்கு அதிர்கிற பாஸ் ஒலி வேண்டாம், மைக் வேண்டாம். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். என்னிடம் வருவதெல்லாம் திண்ணையில் வைத்துப் பதிந்தவை. கோழி கத்தும், பஸ் போகும், பேசுகிறவர்கள் பல் விழுந்த பெரியவர்கள். இப்போது கையில் இருப்பதில் ஒரு ஆச்சி தன் ஊர்க் குளத்து மடைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் ஒன்றை நான் தவறாகக் கேட்டு எழுதினால் அந்தத் தவறுதான் ஆவணத்தில் நிற்கும். தலைக்கு மேல் ஃபேன் ஓடுவதால் காதை மூடுகிற வகைதான் வேண்டும். கண்ணாடி போட்டிருக்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கமும் உண்டு, குஷன் சீக்கிரம் உரிவதற்கு அதுதான் காரணமா என்றும் தெரிய வேண்டும். பட்ஜெட் பன்னிரண்டாயிரம். மாடல் பெயரோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மாடிவீடு:
வயர்தான் பிரச்சினை என்றால் ப்ளூடூத் வாங்கிவிடுங்கள் மேடம். உங்கள் பட்ஜெட்டில் இரைச்சலை அடக்குகிற வசதியோடு நிறைய கிடைக்கிறது. ஃபேன் சத்தம் நன்றாகக் குறைந்துவிடும். நான் ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.

டப்பிங்மேசை:
சகோதரி, சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்கிறேன். காலையிலிருந்து இரவு வரை பல பேர் கை மாறி மாறி எடுத்துப் போடுகிற ஹெட்போன்களைப் பார்த்துச் சொல்கிறேன். உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் போய் ஹெட்போன் வீணானது மிகக் குறைவு. போவதெல்லாம் மூன்று இடத்தில்தான்: வயர், குஷன், மூட்டு. அதனால் கடையில் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்றுக்கும் தனியாகப் பாகம் கிடைக்குமா என்பதுதான். ஒலி எப்படி என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்த விலையில் பேச்சு கேட்க எல்லாமே போதுமானவை.

ப்ளூடூத் உங்கள் வேலைக்கு வேண்டாம் என்பேன். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போடுவதை நாள் முழுக்கச் செய்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், சில கருவிகளில் முதல் அசையே விழுங்கப்பட்டுவிடும். நீங்கள் தேடுவதே அந்த அசையைத்தான். அதோடு உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. தினம் சார்ஜ் ஏற்றி இறக்கினால் சில வருடங்களில் அது தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் நாமே மாற்ற முடியாது.

என் சிபாரிசு சோனி எம்டிஆர்-7506. 1991-இல் வந்த மாடல், இன்னும் அப்படியே விற்கிறார்கள். இத்தனை வருடம் மாறாமல் இருப்பதால்தான் குஷன், வயர், ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. எடை 230 கிராம். மின்தடை 63 ஓம், குறைவுதான் என்பதால் லேப்டாப்பில் நேராகச் செருகினாலே போதும். பேச்சில் மெய்யெழுத்துகள் தெரிகிற மேல் அலைவரிசை இதில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எந்த மெய்யெழுத்து என்ற குழப்பத்துக்கு அது கை கொடுக்கும். நீண்ட நேரம் கேட்டால் சிலருக்குக் காது கூசும், அதையும் சொல்லிவிடுகிறேன். குஷன் உரியும், மாற்றுவது எளிது. குறை என்று பார்த்தால் சுருள் வயர் உள்ளே பற்றவைத்தது, கழற்ற முடியாது. கப்புக்கும் தலைப்பட்டைக்கும் நடுவில் மெல்லிய வயர் வெளியே தெரியும், அது எங்கும் மாட்டி இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பையர்டைனமிக் டிடி 770 ப்ரோவும் இந்த ரகம்தான். 1985-இலிருந்து வருகிறது, தலைப்பட்டை எஃகு, வெல்வெட் மாதிரியான துணிக் குஷன். கண்ணாடிக்கும் நம் வெயிலுக்கும் அதைவிடச் சுகமானது நான் போட்டதில்லை. உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம். வாங்கினால் 80 ஓம் பார்த்து வாங்குங்கள். 250 ஓம் லேப்டாப்பில் சத்தம் போதாது.

ஈயக்கம்பி:
அக்கா, கோவையில் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். டப்பிங்மேசை அண்ணன் சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. 7506 நல்ல பொருள்தான். ஆனா வயர் போச்சுன்னா பத்தவைக்க ஆள் தேடணும். பல ஹெட்போன் வயர்ல உள்ளே இருக்கற செம்பு இழை ஒவ்வொண்ணுக்கும் மேல அரக்குப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சைச் சுட்டு எடுத்து ஈயம் ஏத்தாம ஒட்டினா, ஒட்டின மாதிரி இருக்கும், ஒலி வராது. அவசரத்துல அப்படி ஒட்டி, இங்க மறுபடி வர்ற கேஸ் நிறைய.

உங்களுக்கு ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் சரியா இருக்கும். வயர் கப்புல இருந்து கழண்டு வரும். பெட்டியிலயே ரெண்டு வயர் தர்றாங்க, ஒண்ணு சுருள், ஒண்ணு மூணு மீட்டர் நேர் வயர். ஒண்ணு போனா திருப்பிக் கழட்டிட்டு அடுத்ததை மாட்டி அஞ்சு நிமிஷத்துல வேலையைத் தொடரலாம். 35 ஓம், லேப்டாப்புக்குப் போதும். அது 2.5 மில்லிமீட்டர் பின், திருப்பிப் பூட்டற வகை. சாதா வயர் பொருந்தாது, அந்த மாடலுக்குன்னு கேட்டு வாங்கணும். எம்20எக்ஸ், எம்30எக்ஸ் விலை குறைவுன்னு கடைக்காரர் காட்டுவார். அதுல வயர் கழட்ட முடியாது, வேண்டாம்.

எண்ணெய் பத்திக் கேட்டீங்க. ஆமா, அதுவும் ஒரு காரணம். குஷன் மேல இருக்கறது தோல் இல்ல, துணி மேல பூசின பாலியூரிதேன். ஈரக்காத்து, வேர்வை, எண்ணெய் மூணும் சேர்ந்தா அந்தப் பூச்சு செதில் செதிலா வரும். எண்ணெய் வைக்கறதை விட வேண்டாம். தலைப்பட்டைக்கு ஒரு பருத்தித் துணி உறை தெச்சு மாட்டுங்க, வாரம் ஒரு தடவை துவைச்சுப் போடுங்க. குஷனை வேலை முடிஞ்சதும் காய்ஞ்ச துணியால துடைச்சா போதும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, பூச்சு சீக்கிரம் போயிடும்.

பழசைத் தூக்கிப் போடாதீங்க, ஒலி வருதுன்னா அதுக்கு இன்னும் உயிர் இருக்கு. உடனே பிடிக்கற பசை இந்த இடத்துக்கு ஆகாது, வளையற இடத்துல அது சில்லு மாதிரி உடையும். பிளவோட ரெண்டு பக்கமும் சின்னதா ஓட்டை போட்டு மெல்லிய எஃகுக் கம்பியால தெச்சு, மேல ரெண்டு டியூப் கலந்து போடற எபாக்சி பூசி ஒரு நாள் முழுக்கத் தொடாம வைங்க. பார்க்க நல்லா இருக்காது, ஆனா அவசரத்துக்கு இன்னொரு ஹெட்போன் ஆச்சு.

தாமிரபரணி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்கு இங்கே பற்றவைக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை, வேலையும் நாள் கணக்கில் நிற்க முடியாது. அதனால் எம்40எக்ஸ் பக்கம்தான் மனம் போகிறது. ஆனால் அதுவும் மடங்குகிற வகைதானே, மறுபடி மூட்டு போகாதா? கண்ணாடிக் காம்பு அழுத்துமா?

டப்பிங்மேசை:
தம்பி சொன்னது உங்கள் நிலைமைக்குச் சரி, எம்40எக்ஸே வாங்குங்கள். மடங்கும் மூட்டு அதிலும் பிளாஸ்டிக்தான். நீங்கள் மேசையை விட்டு எங்கும் எடுத்துப் போவதில்லையே, மடக்கவே வேண்டாம். கழற்றும்போது ஒரு கையால் ஒரு கப்பை மட்டும் பிடித்து இழுக்காமல், இரண்டு கையாலும் இரண்டு கப்பையும் விரித்து எடுங்கள். மூட்டில் விழுகிற முறுக்கு பெருமளவு குறையும். புதிதில் அது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், கண்ணாடிக் காம்பு உறுத்தும். தலை அகலத்துக்கு நாலைந்து புத்தகத்தை அடுக்கி இரவு அதன் மேல் மாட்டி வையுங்கள், சில நாளில் தளரும். காம்பு மெல்லிய ஃபிரேம் என்றால் இன்னும் நல்லது.

போலிகள் நிறைய வருகின்றன. விலை மிகவும் குறைவாகத் தெரிந்தால் வேண்டாம். இந்திய வாரண்டியோடு பில் தருகிற விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

ஈயக்கம்பி:
இன்னொண்ணு அக்கா. மேசையில உக்காந்து வேலை செய்யறவங்க வயர் பாதிக்கு மேல நாற்காலிச் சக்கரத்துல நசுங்கித்தான் போகுது. சுருள் வயரையே மாட்டுங்க, தரையில கிடக்காது. லேப்டாப்புல நேரா செருகாம, ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு அதை மேசை ஓரத்துல டேப் வெச்சு ஒட்டி, அதுல ஹெட்போனைச் செருகுங்க. மறந்து எழுந்து போனாலும் அந்த இடத்துல கழண்டுக்கும், லேப்டாப் சாக்கெட்டும் தப்பிக்கும்.